மலிவும் மண்ணும்: பம்பாய்ச் சந்தையின் ஒரு நூற்றாண்டு

புதிய ஊரில் வாழ முனைவோர் முதலில் அவ்வூர் மொழியைக் கற்க வேண்டும் என்பர். நம்மவர் மொழிக்கு முன்னே கற்றது விலையை என்று சொல்வதே பொருந்தும். எந்தக் கடையில் துவரம்பருப்பு மலிவு, எந்தச் சந்தையில் சின்ன வெங்காயம் கிடைக்கும், மாதுங்காவில் வாங்கினால் ரயில் கட்டணம் போக மிச்சம் உண்டா என்ற கணக்குகளை நம் தாய்மார்கள் ஒருவருக்கொருவர் வாய்மொழியாகவே சொல்லி வந்துள்ளனர். குடிபெயர்ந்து வந்த குடும்பத்தின் முதற்கல்வி அதுவே.

அக்கல்விக்கு இப்போது அவ்வளவாக வேலையில்லை. 2002ஆம் ஆண்டில் மும்பையின் பவாய்ப் பகுதியில் டி-மார்ட் என்னும் பெயரில் ஒரு கழிவு விலைப் பேரங்காடி திறக்கப்பெற்றது. இன்று அதற்கு நாட்டில் நானூற்றுக்கு மேற்பட்ட கிளைகள் உள்ளன. சம்பளம் கைக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையில் குடும்பத்தோடு சென்று, தள்ளுவண்டி நிறைய மாதச் சாமான் வாங்கி வருவது நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. உறையில் அச்சிட்ட விலை ஒன்று, பற்றுச்சீட்டில் கண்ட விலை ஒன்று. இடையே உள்ள வேறுபாட்டைக் கூட்டிப் பார்த்து மகிழாதார் யார்?

இவ்வங்காடிகளைப் போற்றுவதோ தூற்றுவதோ எனது நோக்கமன்று. மலிவு எங்கிருந்து வருகிறது, அதன் சுமையை யார் தாங்குகிறார் என்னும் வினா இந்நகரில் நூறாண்டுகளுக்கு மேலாக எழுப்பப்பட்டு வருகிறது. நம் மண்ணில் விளைந்த பொருளையே, நம்மவர் செய்த பொருளையே வாங்குவோம் என்ற முழக்கமும் அதே காலமாக ஒலிக்கிறது. இவ்விரண்டும் சில காலம் தோளோடு தோள் நின்றன. சில காலம் ஒன்றுக்கொன்று பகையாயின. அவ்வரலாற்றில் தமிழர்க்கும் பங்குண்டு என்பதால் இச்சங்க மலரில் அதனை எழுதத் துணிந்தேன்.

தூத்துக்குடியிலிருந்து தொடங்குவோம். அது பம்பாய்க்குப் புறம்பான கதையன்று. 1906 அக்டோபர் 16ஆம் நாள் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். முதற்கண் பம்பாயின் ஷாலைன் நிறுவனத்தாரிடம் கப்பல் வாடகைக்குப் பெறப்பட்டது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டுவந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் நெருக்குதலால் அவ்வேற்பாடு முறிந்தது. சொந்தக் கப்பல் இன்றி ஊர் திரும்புவதில்லை என்று சூளுரைத்து வ.உ.சி. வடக்கே புறப்பட்டுப் பம்பாய்க்கு வந்தார். ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் பின்னர்ச் சங்கத்துக்கு உரிமையாயின.

அதன்பின் நிகழ்ந்ததே நமக்குப் பாடம். வெள்ளையர் கம்பெனி பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. வெள்ளையர் கட்டணமே வேண்டாம் என்றனர். ஏறும் பயணிக்கு ஒரு குடையும் இலவசமாகக் கொடுத்தனர். பயணியின் பக்கம் நின்று பார்த்தால் இதைவிடப் பெரிய கழிவு விலை உலகில் உண்டோ? ஆனால் அக்குடையின் விலை கம்பெனியின் பெரும் பணப்பெட்டியிலிருந்து வந்தது. போட்டியாளன் மறைந்த பிறகு அதே பயணியிடமிருந்தே மீட்கப்பட இருந்தது. 1908 மார்ச்சில் வ.உ.சி. சிறைப்பட்டார். 1911இல் நாவாய்ச் சங்கம் கலைக்கப்பட்டது. இலவசக் குடையை ஏற்றுக்கொண்ட பயணியைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. எட்டணாவும் பெருந்தொகையாக இருந்தவன் அவன்.

அதே காலத்தில் பம்பாயில் என்ன நிகழ்ந்தது? வங்கப் பிரிவினையை எதிர்த்து 1905 ஆகஸ்டு 7ஆம் நாள் கல்கத்தா நகர மண்டபத்தில் அந்நியப் பொருள் விலக்கு அறிவிக்கப்பட்டது. அதன் எதிரொலியாகத் திலகர் முதலியோரின் முயற்சியால் பம்பாயில் சுதேசிக் கூட்டுறவு அங்காடி தோன்றியது. 1906ஆம் ஆண்டையே அது தன் தொடக்கமாகக் குறிக்கிறது. உள்நாட்டில் செய்த பொருள்களை ஒரே கூரையின் கீழ் விற்பது அதன் கொள்கை. பின்னாளில் ‘பாம்பே ஸ்டோர்’ எனப் பெயர் மாறி, கைவினைப் பொருள்களும் பரிசுப் பொருள்களும் விற்கும் அழகிய கடையாக அது உருமாறிற்று. சுதேசி என்பது அன்றாடத் தேவையிலிருந்து விலகி அலங்காரப் பொருளாகிவிட்ட கதைக்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

சுதேசி இயக்கத்தில் வெளிப்படையாகப் பேசப்படாத ஒரு பகுதியும் உண்டு. மான்செஸ்டர் துணியை வங்கத்தார் விலக்கியபோது பம்பாய், அகமதாபாத் ஆலைத் துணிக்குத் தேவை பெருகியது. அச்சமயத்தில் ஆலை முதலாளிகள் விலையை ஏற்றியதாக அக்காலத்திலேயே மனக்குறை எழுந்தது. நாட்டுப் பற்றினால் கூடுதல் விலை கொடுத்தவன் ஏழை. அக்கூடுதலைப் பெற்றவன் செல்வன். உள்ளூர்ப் பொருள் என்ற ஒரு காரணத்துக்காக மட்டும் அதிக விலை கொடுக்கச் சொல்வோர் இந்நிகழ்ச்சியை நினைவில் வைத்தல் நன்று.

எனினும் இதே நகரில் அம்முழக்கத்துக்காக உயிர் கொடுத்தவனும் ஆலை முதலாளி அல்லன். 1921 ஜூலை 31இல் பரேலில் காந்தியடிகள் அந்நியத் துணிகளைத் தீயிட்டார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1930 டிசம்பர் 12ஆம் நாள், காள்பாதேவியில் அந்நியத் துணி ஏற்றிவந்த லாரியை மறித்துச் சாலையில் நின்றான் பாபு கேனு என்னும் பஞ்சாலைத் தொழிலாளி. லாரி நிற்கவில்லை. அவன் வயது இருபத்திரண்டு. அவன் பெயரில் இந்நகரில் இன்றும் இடங்கள் உள்ளன. அவ்வழியே நாள்தோறும் செல்வோருள் எத்தனை பேர் அப்பெயரின் காரணத்தை அறிவரோ!

இனி மலிவின் மற்றொரு முகத்தைக் காண்போம். 1844 டிசம்பர் 21ஆம் நாள் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், டோட் சந்தில், நெசவாளர் உள்ளிட்ட 28 தொழிலாளர் ஆளுக்கொரு பவுன் சேர்த்து ஒரு சிறு கடை திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு ஆகியவையே சரக்கு. கலப்படமில்லாப் பொருள், சரியான எடை, ரொக்க விற்பனை, ஆளுக்கொரு வாக்கு என்பன அவர்கள் வகுத்த நெறிகள். இலாபத்தை அவரவர் வாங்கிய பொருளின் அளவுக்கேற்பப் பங்கிட்டுத் திருப்பிக் கொடுத்தனர். பட்டினப்பாலையில் பாராட்டப்பெறும் நடுநிலை வணிகரை நினைவூட்டும் ஒழுக்கம் இது; ஒரு வேறுபாடு, இங்கே வாங்குவோரே வணிகர்.

இந்நெறியை இந்தியாவில் முதன்முதலில் கடையாக நடத்திக் காட்டியோர் நம் சென்னையார். 1904இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அப்போது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் அதன் முன்னோடிகளுள் ஒருவர். அவர் பின்னர் 1907இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து பூனாவுக்கு வந்தார் என்பது இப்பகுதித் தமிழர்க்குக் கூடுதல் மகிழ்ச்சி தரும் செய்தி. 1904இல் இயற்றப்பட்ட கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களை மட்டுமே கருதியது. பொருள் விற்கும் சங்கங்களுக்குத் தெளிவான இடம் அளித்தது 1912ஆம் ஆண்டுச் சட்டம். ஆசிரியர்களும் எழுத்தர்களுமாகிய திருவல்லிக்கேணியார் சட்டம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. அரிசியும் பருப்பும் வாங்கி நிறுக்கத் தொடங்கிவிட்டனர். மாதச் சம்பளக்காரனின் துன்பம் அவர்கட்கு நன்கு தெரியும். மளிகைக் கடைக்காரரின் பற்றுப் புத்தகத்தில் ஏறிய கடன் அடுத்த மாதச் சம்பளத்தையும் விழுங்கிவிடும். கடனாளி சரக்கின் தரத்தைப் பற்றியோ எடையைப் பற்றியோ வாய் திறக்க இயலாது. ரொக்கம் கொடுத்து வாங்கு, நீயே உரிமையாளன் என்பது அந்நிலையில் ஒரு விடுதலையே ஆகும். நூற்றிருபது ஆண்டுகள் கடந்தும் அச்சங்கம் சென்னையில் இயங்கி வருகிறது.

பம்பாயில் அந்நெறி பெரிதாக வேரூன்றியது 1948இல். நாய்காவ் பகுதியின் ஆலைத் தொழிலாளர் தமக்கென ஒரு பங்கீட்டுக் கடையை அமைத்தனர். அதுவே வளர்ந்து ‘அப்னா பஜார்’ எனப் பெயர் பெற்றது. அப்னா என்றால் நம்முடையது. அப்பெயர் வெறும் அழகுக்கு வைத்ததன்று. பங்கு வாங்கிய தொழிலாளியின் கடை அது. நிலைத்த விலை, கலப்படமற்ற பண்டம், வரிசையில் எவர்க்கும் ஒரே மரியாதை ஆகியவற்றால் நடுத்தரக் குடும்பங்களும் அதனை நாடின. நம்மவருள் மூத்தோர் பலர் அப்னா பஜாரின் தீபாவளிக் கூட்டத்தைப் பற்றி இன்றும் சொல்வர்.

மத்திய அரசும் இவ்வழியில் இறங்கியது. 1962ஆம் ஆண்டுச் சீனப் படையெடுப்பை ஒட்டி விலைவாசி ஏறியபோது நுகர்வோர் கூட்டுறவுக் கடைகளை நாடெங்கும் அமைக்கத் திட்டம் வகுக்கப்பட்டது. 1963இல் மத்திய அரசு ஊழியர்க்கென ‘கேந்திரிய பண்டார்’ தோன்றியது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டதை அடுத்து, அவ்வாண்டு ஜூலையில் தில்லிக் கன்னாட் பிளேசில் ‘சூப்பர் பஜார்’ திறக்கப்பட்டது. பின்னது 2002இல் மூடப்பட்டது. பெயரளவில் கூட்டுறவு, நடைமுறையில் அரசு அலுவலகம் என்றாகிவிட்ட கடை எப்படி இயங்கும் என்பதை என்னைப் போன்ற எழுத்தர்க்கு விளக்க வேண்டியதில்லை. கோப்பு நகர்ந்தால்தான் கொத்தமல்லி வரும்!

கூட்டுறவுக் கடைகள் தளர்ந்தமைக்கு ஊழலையும் திறமையின்மையையும் காரணங்காட்டுவர். அவை பொய்யல்ல. உறுப்பினராகிய நாமும் ஒரு காரணமே என்பது என் கருத்து. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வந்தவரைவிடத் தீபாவளிச் சலுகை எண்ணெய்க்கு வந்தவரே என்றும் மிகுதி. உரிமையாளன் கணக்குக் கேட்பதை நிறுத்திய அன்றே அவன் வெறும் வாடிக்கையாளன் ஆகிவிடுகிறான். அப்னா பஜாருக்கு வேறோர் அடியும் விழுந்தது. 1982 ஜனவரி 18இல் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளர் ஈடுபட்டனர். பல ஆலைகள் பிறகு எழவே இல்லை. ஆலைச் சங்கு ஓய்ந்த பகுதியில் ஆலைத் தொழிலாளரின் கடை மட்டும் எங்ஙனம் செழிக்கும்?

ஒரு வியப்பான செய்தி. 1999ஆம் ஆண்டில் நவி மும்பையின் நெரூலில் அப்னா பஜாரின் கிளை ஒன்றை உரிமம் பெற்று நடத்திப் பார்த்தவர், பங்குச் சந்தை முதலீட்டில் பெயர் பெற்ற ராதாகிஷன் தமானி. அவரே மூன்றாண்டுகளில் பவாயில் டி-மார்ட்டைத் திறந்தார். தொழிலாளர் கண்ட கடையில் தொழில் பழகி, தனியார் கடை எழுந்தது.

அக்கடையின் மலிவு எவ்வாறு கிடைக்கிறது? மந்திரம் ஒன்றுமில்லை. கட்டடங்களைப் பெரும்பாலும் வாடகைக்கு எடுக்காமல் சொந்தமாக்கிக் கொள்வது, ஆடம்பர அலங்காரம் தவிர்ப்பது, விரைவில் விற்கும் சரக்கையே அடுக்குவது, சரக்கு கொடுத்தவர்க்கு ஏனைய கடைகளைவிட விரைவாகப் பணம் கொடுத்து அதற்கு ஈடாக விலைக் குறைப்புப் பெறுவது ஆகியவையே அதன் வழிகள். விழாக்கால அறிவிப்புக்குக் காத்திராமல் நாள்தோறும் குறைந்த விலை என்பது அதன் கொள்கை. 1997இல் சென்னையில் தோன்றிய ‘சுபிக்ஷா’வும் கழிவு விலைக் கடைதான், கடன் வாங்கி ஆயிரத்துக்கு மேற்பட்ட கிளைகளாக விரைந்து பரவி, 2009இல் அடியோடு சாய்ந்தது. அதனோடு ஒப்பிட்டால் பவாய்க்காரரின் பொறுமை பாராட்டுக்குரியது. இலவசக் குடை கொடுத்து எதிரியை வீழ்த்திய மலிவன்று இது. சிக்கனத்தால் வந்த மலிவு. இதனை ஒப்புக்கொள்வதே நேர்மை.

ஆயினும் ராச்டேல் கடையில் ஆண்டின் இறுதியில் மிச்சம் வாங்கியவனிடம் திரும்பியது. இங்கே அது பங்குதாரரிடம் செல்கிறது. மற்றொன்றும் உண்டு. நூற்றுக்கணக்கான கிளைகளுக்கு ஒரே தரத்தில், ஒரே அளவில், குறித்த நாளில் சரக்கு அனுப்ப வல்லவர்க்கே இவ்வங்காடிகளின் வாயில் திறக்கும். வீட்டுத் திண்ணையில் ஐந்து கிலோ மாவு பிசைபவர் அவ்வாயிலை அணுகவும் முடியாது.

ஆனால் பம்பாயிலேயே ஒரு திண்ணை அவ்வாயிலைத் தாண்டியிருக்கிறது. 1959 மார்ச் 15ஆம் நாள் கிர்காவ் பகுதியில், ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில், ஏழு குஜராத்திப் பெண்கள் எண்பது ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட்டனர். முதல்நாள் விளைவு நான்கு பொட்டலங்கள். அவற்றைப் புலேஷ்வரில் தெரிந்த வணிகர் ஒருவர் வழியே விற்றனர். அதுவே ‘லிஜ்ஜத்’. காலையில் நிலையத்தில் பிசைந்த மாவை வாங்கிச் சென்று, வீட்டில் தேய்த்து உலர்த்தி, மறுநாள் அப்பளமாகத் திருப்பிக் கொடுத்துக் கூலி பெறும் பெண்கள் இன்று நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர். ஒவ்வொருவரும் உறுப்பினர், இலாபத்தில் உரிமையுடையவர். 1966இல் அது முறையாகப் பதிவு பெற்று, கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் ஏற்பையும் பெற்றது. எந்தப் பேரங்காடியும் அவ்வப்பளத்தை ஒதுக்க இயலாத நிலை இப்போது. வாங்குவோர் கூடி நடத்திய கடை தளர்ந்த நகரில், செய்வோர் கூடி நடத்திய தொழில் நிமிர்ந்து நிற்கிறது. இதற்கான காரணங்களைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம். மாவு பிசைந்த கை நாள்தோறும் கணக்கும் கேட்டது என்பது அவற்றுள் ஒன்றாக இருக்கக்கூடும்.

இவ்விடத்தில் நம்மைப் பற்றிய ஒரு வினா எழுகிறது. உள்ளூர்ப் பொருள் என்கிறோமே, எது உள்ளூர்? 1966இல் இந்நகரில் சிவசேனை தோன்றியபோது, மண்ணின் மைந்தர் என்ற சொல் தென்னிந்தியரை வெளியே நிறுத்தியது. அந்நாளில் இங்கிருந்த நம் மூத்தோர்க்கு அதனை விளக்க வேண்டியதில்லை. சுதேசியின் தொடக்கக் காலத்தில் கேட்கப்பட்ட வினா, பொருள் எங்கே செய்யப்பட்டது என்பது. அறுபதுகளில் கேட்கப்பட்ட வினா, செய்தவன் எங்கிருந்து வந்தான் என்பது. ஒரே சொல்லுக்குள் இரு வேறு பொருள்கள் குடியிருந்தன.

தாராவியைப் பாருங்கள். 1887இலேயே அங்கே தோல் பதனிடும் தொழில் வந்துவிட்டது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர் அத்தொழிலில் ஊறியவர். பதனிடுதல் பெரும்பாலும் வெளியேறிய பின்பும் பையும் பெல்டும் செய்யும் பட்டறைகள் நின்றன. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர் கும்பார்வாடாவில் அகலும் பானையும் வனைகின்றனர். நம் தென்மாவட்டத்தார் முறுக்கும் கடலை மிட்டாயும் செய்கின்றனர். விடியற்காலையில் அங்கிருந்து புறப்படும் மிதிவண்டிகளில் நகரெங்கும் இட்டலி செல்கிறது. மராத்தியரும் குஜராத்தியரும் அலுவலகம் செல்லும் வழியில் நின்று உண்கின்றனர். அரிசியை அங்கேயே ஊறவைத்து, அங்கேயே அரைத்து, அங்கேயே அவித்த அந்த இட்டலியைவிட மும்பைப் பொருள் ஒன்று உண்டோ?

அவ்விட்டலியும் முறுக்கும் பேரங்காடிக்குள் நுழைவதில்லை. யாரும் பகைத்துத் தடுப்பதால் அன்று. உணவுப் பாதுகாப்பு உரிமம் அல்லது பதிவு வேண்டும் என்ற விதி 2011 முதல் நடைமுறையில் உள்ளது. 2017 முதல் சரக்கு சேவை வரிக் கணக்கு. இவற்றோடு பட்டைக் குறியீடு, சீரான உறை, பழுதான சரக்கைத் திரும்பப் பெறும் வலிமை ஆகியவை வேண்டும். உண்போர் நலத்துக்கு இவ்விதிகளிற் பல தேவை என்பதை மறுக்க முடியாது. ஆனால் நான்கு அடுப்பு வைத்து முறுக்குப் பிழிபவர், தனித்து நின்று இத்தனையும் செய்வது அரிது. லிஜ்ஜத் பெண்கள் போலக் கூடினால் செய்யலாம். நம்மவர் அவ்வாறு கூடியதாக நான் அறியேன். சங்கங்கள் பல அமைத்தோம். பள்ளி கண்டோம், கோயில் கண்டோம், இசைச் சபை கண்டோம். 1932இல் மாதுங்காவில் தொடங்கிய தென்னிந்தியக் கல்விக் கழகம் பல்லாயிரம் பிள்ளைகளைப் படிக்கவைத்து அலுவலகங்களுக்கு அனுப்பியது. முறுக்குப் பிழிவோர்க்கு ஒரு கூட்டுறவு காண வேண்டும் என்ற எண்ணம், அலுவலகம் சென்ற நமக்கு எழவில்லை.

2011ஆம் ஆண்டின் எடையளவு விதிகளின்படி, உறையிட்டு விற்கும் ஒவ்வொரு பொருளின்மீதும் அதைச் செய்தவர் அல்லது உறையிட்டவரின் பெயரும் முகவரியும் அச்சிடப்பட வேண்டும். கோப்புகளின் அடிக்குறிப்பையும் விடாது படிக்கும் பழக்கம் உள்ளதால் அம்முகவரிகளையும் படித்து வருகிறேன். மாதச் சாமான் பையைக் கவிழ்த்து அவ்வாறு பார்க்கையில் குஜராத்து, மத்தியப் பிரதேசம், கர்நாடகம், சில வேளை தமிழ்நாடு என்று தேசமே மேசைமேல் விரிகிறது. அரிசி முறுக்கு என்று எழுதிய பொட்டலம்கூட எங்கோ தொலைவிலுள்ள ஆலையிலிருந்து வந்திருக்கிறது. தாராவியின் அஞ்சல் எண் 400017. அந்த எண்ணை எந்த உறையிலும் நான் இதுவரை கண்டதில்லை.